கூண்டுக்கும் மூச்சுக்குழலுக்கும் இடையே

புதுச்சேரி நகரின் வடமேற்கில் அமைந்த தட்டாஞ்சாவடி, தொழிற்பேட்டையாலும் சட்டமன்றத் தொகுதியாலும் அறியப்படும் இடமேயன்றிப் பறவைகளுக்குப் பேர்போன இடமன்று. ஆயினும் பறவைக் காய்ச்சல் என்னும் நோயை விளங்கிக்கொள்வதற்கு இதைவிடப் பொருத்தமான மையப்புள்ளி தமிழ்கூறும் நாட்டில் அரிது. அங்கிருந்து சில கிலோமீட்டருக்குள் கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை நிற்கிறது. அதன் அருகிலேயே 1975இல் தொடங்கப்பட்ட நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. குரும்பாப்பேட்டையில் இராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. மேற்கே ஊசுட்டேரி குளிர்காலந்தோறும் வலசைப் பறவைகளை வரவேற்கிறது. இவை அனைத்துக்கும் நடுவே, வேறெந்த நகரையும் போலவே, தெருமுனைக் கோழிக்கடைகளில் கம்பிக் கூண்டுகளுக்குள் உயிருள்ள கோழிகள் காத்திருக்கின்றன. காட்டு வாத்தின் குடல், பண்ணைக் கோழியின் நுரையீரல், மனிதனின் மூச்சுக்குழல் என்று இந்த வைரஸ் கடந்தாக வேண்டிய மூன்று நிலைகளையும் இந்தச் சிறு வட்டத்துக்குள்ளேயே காட்டிவிட முடியும்.

பறவைக் காய்ச்சல் என்ற பெயரே சற்றுத் திசைதிருப்பும் பெயர். நீர்ப்பறவைகளைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் காய்ச்சலே அன்று. குடலில் குடியிருந்து, எச்சத்தோடு நீரில் கலந்து, அதே நீரைப் பருகும் அடுத்த பறவைக்குள் சத்தமின்றி நுழையும் ஒரு நெடுங்காலத் தங்கல். இன்புளுயன்சா ‘ஏ’ என்ற வைரஸ் இனத்தைச் சேர்ந்த இந்தக் கிருமியின் மேலுறையில் இருவகைப் புரதங்கள் முள்களாக நீட்டிக்கொண்டிருக்கும். ஹீமக்ளூட்டினின் என்னும் முதல் புரதம் செல்லின் மேற்பரப்பைப் பற்றி உள்ளே நுழைய உதவும் திறவுகோல். நியூராமினிடேஸ் என்னும் இரண்டாவது, உள்ளே பெருகிய புதிய வைரஸ்கள் வெளியேறும்போது செல்லோடு ஒட்டிக்கொள்ளாதபடி நறுக்கிவிடும் கத்தரி. பறவைகளில் முதலாவதில் 16 வகைகளும் இரண்டாவதில் 9 வகைகளும் அறியப்பட்டுள்ளன. எச்5என்1, எச்7என்9, எச்9என்2 என்று செய்தித்தாள்களில் வரும் பெயர்கள் எல்லாம் எந்தத் திறவுகோலும் எந்தக் கத்தரியும் சேர்ந்த கிருமி என்பதைச் சொல்லும் அடையாள எண்களே. மனிதர்களுக்குக் கொடுக்கப்படும் ஒசெல்டாமிவிர் மாத்திரை இந்தக் கத்தரியைத்தான் மழுங்கச் செய்கிறது. அதனால்தான் நோய் கண்ட முதலிரண்டு நாட்களுக்குள் கொடுத்தால் அதன் பயன் மிகுதியாக இருக்கிறது.

சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் இந்தியாவுக்கு வரும் வலசைப் பாதையின் தென்கோடியில், 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊசுட்டேரியும், காரைக்காலுக்குத் தெற்கே கோடியக்கரையும் இருக்கின்றன. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் இந்த நீர்நிலைகளில் இறங்கும்போது, அறுப்பு முடிந்த நெல்வயல்களில் சிந்திய நெல்மணியும் நத்தையும் பொறுக்க ஊர் ஊராக ஓட்டிச்செல்லப்படும் நாட்டு வாத்துக் கூட்டங்களும் அதே நீரை நாடுகின்றன. காட்டுப் பறவைக்கும் வீட்டுக் கோழிக்கும் இடையே பாலமாக அமைவது பெரும்பாலும் இந்த வாத்துகளே, ஏனெனில் வைரஸைச் சுமந்துகொண்டே நலமாக நடமாடும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. எனினும், எல்லாப் பழியையும் வலசைப் பறவையின் மேல் சுமத்துவது எளிது, ஆனால் நியாயமன்று. கொலைகாரக் கிருமியாக இந்த வைரஸ் உருமாறுவது ஏரியில் நிகழ்வதைக் காட்டிலும் கோழிக் கொட்டகையில் நிகழ்வதே வழக்கம்.

அந்த உருமாற்றம் எப்படி நடக்கிறது என்பது, அறிந்துகொள்ள வேண்டிய நுட்பம். செல்லுக்குள் நுழைவதற்கு முன் திறவுகோல் புரதம் ஓரிடத்தில் வெட்டுப்பட வேண்டும். சாதாரண வைரஸில் அந்த வெட்டைச் செய்யக்கூடிய நொதிகள் குடலிலும் மூச்சுப்பாதையிலும் மட்டுமே இருப்பதால் தொற்றும் அங்கேயே அடங்கிவிடுகிறது. வெட்டுமிடத்தில் ஆர்ஜினின், லைசின் போன்ற சில அமினோ அமிலங்கள் தற்செயலாகக் கூடுதலாகச் சேர்ந்துவிட்டால், உடலின் ஏறத்தாழ எல்லாத் திசுக்களிலும் உள்ள ஃபூரின் என்ற நொதியே அந்த வேலையை முடித்துவிடும். அதன்பின் இதயம், மூளை, சிறுநீரகம் என்று வைரஸ் எங்கும் பரவ, கொண்டை நீலம் பாரித்து, தலை வீங்கி, கால்களில் இரத்தக்கசிவு தோன்றி, ஒரு கொட்டகைக் கோழிகள் இரண்டு மூன்று நாட்களில் மடிகின்றன. இயற்கையில் எச்5, எச்7 ஆகிய இரு வகைகள் மட்டுமே இப்படி மாறுகின்றன. ஒரே வயதும் ஒரே மரபும் கொண்ட பல்லாயிரம் கோழிகள் தோளோடு தோள் நிற்கும் கொட்டகை, தன்னைச் சுமப்பவனைக் கொன்றாலும் அடுத்தவன் அரையடி தூரத்தில் இருக்கிறான் என்ற வசதியை வைரஸுக்குத் தருகிறது. ஏரியில் நீந்தும் வாத்தைக் கொன்றுவிட்டால் அந்த வசதி அதற்குக் கிடையாது. மனிதனின் ஏற்பாடு கிருமியின் குணத்தை மாற்றுவதற்கு இதைக் காட்டிலும் தெளிவான எடுத்துக்காட்டு காண்பது கடினம்.

இத்தகைய மாற்றங்களுக்கு மூலகாரணம் படியெடுப்பதில் நேரும் பிழை. இன்புளுயன்சா வைரஸின் மரபுச்செய்தி சுமார் 13,500 எழுத்துகளால் ஆனது; அது ஆர்என்ஏ வடிவில் இருப்பதாலும், அதைப் படியெடுக்கும் பாலிமரேஸ் என்னும் நொதிக்குப் பிழைதிருத்தும் வழக்கம் இல்லாததாலும், பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் எழுத்துகளுக்கு ஒன்று என்ற அளவில் தவறுகள் புகுந்துவிடுகின்றன. ஏடு பெயர்த்தெழுதியவர்களின் கைப்பிழையால் ஒரே நூலுக்குப் பல பாடபேதங்கள் உருவானதைத் தமிழ் வாசகர் அறிவர். இங்கே ஒரு கோழியின் உடலுக்குள் கோடிக்கணக்கான ஏடுகள் ஒரே நாளில், மேற்பார்வையாளர் இல்லாமல் எழுதப்படுகின்றன. பிழைகளில் மிகப் பெரும்பாலானவை வைரஸுக்கே கேடாக முடியும். சில எந்த விளைவும் தராது. எப்போதோ ஒன்று புதிய வீட்டின் கதவைத் திறந்துவிடும். இப்படி மரபுச்செய்தியின் எழுத்துகளில் நேரும் மாற்றத்தைத் திடீர்மாற்றம் என்று உயிரியல் நூல்கள் அழைக்கின்றன.

மனிதனின் கதவு எளிதில் திறப்பதன்று. செல்களின் மேல் சயாலிக் அமிலம் என்னும் சர்க்கரைப் பொருள் நீட்டிக்கொண்டிருக்க, அதைப் பற்றிக்கொண்டுதான் வைரஸ் உள்ளே வருகிறது. பறவைக் குடலில் அந்த அமிலம் ஒரு கோணத்திலும், மனிதனின் மூக்கு, தொண்டைப் பகுதிகளில் வேறொரு கோணத்திலும் பிணைந்திருப்பதால், பறவை வைரஸின் திறவுகோல் மனிதப் பூட்டில் சரியாகப் பொருந்துவதில்லை. ஆனால் நுரையீரலின் அடியாழத்திலும் கண்ணின் மெல்லிய சவ்விலும் பறவைக்குரிய பூட்டுகள் மனிதனுக்கும் உண்டு. எச்5என்1 மனிதனுக்கு அரிதாகத் தொற்றுவதும், தொற்றினால் கடும் நிமோனியாவாக முடிவதும், இருமல் வழியே அடுத்தவருக்கு எளிதில் பரவாமல் நின்றுவிடுவதும் ஆகிய மூன்று புதிர்களுக்கும் விடை இந்த ஒரே உண்மையில் அடங்கியிருக்கிறது: கிருமி ஆழத்தில் இருக்கிறது, எனவே கொல்கிறது; ஆழத்திலேயே இருக்கிறது, எனவே பரவுவதில்லை.

இரண்டாவது தடை வெப்பநிலை. கோழியின் உடல் 41 பாகை செல்சியசுக்கு மேல் கொதிக்கிறது. மனிதனின் மூக்குத்துளையோ 33 பாகையளவே உள்ள குளிர்ந்த இடம். சூட்டில் வேகமாக இயங்கப் பழகிய பாலிமரேஸ் குளிரில் தடுமாறும். பிபி2 எனப்படும் புரதத்தின் 627ஆம் இடத்தில் குளுடாமிக் அமிலத்துக்குப் பதில் லைசின் வந்து அமர்ந்தால், பாலூட்டிகளின் செல்களில் அந்த நொதி சுறுசுறுப்பாக இயங்கத் தொடங்குகிறது. எனவே ஒவ்வொரு புதிய நோயாளியின் மாதிரியிலும் ஆய்வாளர்கள் முதலில் தேடும் எழுத்துகளில் இது ஒன்று. நெதர்லாந்தின் ரான் ஃபூஷேயும், அமெரிக்காவில் பணியாற்றும் யோஷிஹிரோ கவாவோகாவும் 2012இல் வெளியிட்ட ஆய்வுகள், கீரியைப் போன்ற தோற்றமுடைய ஃபெரெட் என்ற விலங்கிடையே எச்5 வைரஸ் காற்று வழியே பரவுவதற்கு ஐந்தளவு மாற்றங்களே போதும் என்று காட்டியபோது, அவற்றை வெளியிடுவதே தகுமா என்ற விவாதம் உலகெங்கும் எழுந்தது. 2024 டிசம்பரில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, அமெரிக்க மாடுகளில் பரவிய எச்5என்1 வைரஸின் திறவுகோல் மனிதப் பூட்டுக்குப் பொருந்துவதற்கு 226ஆம் இடத்தில் ஒரே ஒரு மாற்றம் போதும் என்று கண்டது. திறவுகோல் பொருந்தினால் மட்டும் பெருந்தொற்று வந்துவிடாது, வேறு பல மாற்றங்களும் உடன் கூடவேண்டும் என்பது உண்மையே. இருந்தாலும் தொலைவு அஞ்சத்தக்க அளவுக்குக் குறுகியது என்பதை மறுப்பதற்கில்லை.

எழுத்துப் பிழையைவிடப் பெரிய பாய்ச்சலுக்கும் இந்த வைரஸிடம் வழியுண்டு. அதன் மரபுச்செய்தி ஒரே நூலிழையாக இல்லாமல் எட்டுத் தனித்தனித் துண்டுகளாக இருப்பதால், இருவேறு வைரஸ்கள் ஒரே செல்லுக்குள் ஒரே நேரத்தில் புகுந்தால், இரண்டு சீட்டுக்கட்டுகளைக் கலைத்துப் போட்டதுபோல் துண்டுகள் மாறிச் சேர்ந்து, பெற்றோர் இருவரையும் ஒவ்வாத புதுப்பிறவி ஒன்று வெளிவரக்கூடும். இந்த மறுசேர்க்கை தமிழகத்துக்கு ஏட்டுச் செய்தி அன்று. 1957இல் ஆசியக் காய்ச்சல் என்று பெயர்பெற்ற எச்2என்2 வைரஸ், அதுவரை மனிதரிடையே பரவிவந்த வைரஸின் ஐந்து துண்டுகளோடு பறவை வைரஸின் மூன்று துண்டுகள் சேர்ந்து பிறந்தது. அது இந்தியாவுக்குள் நுழைந்த வாயில் சென்னைத் துறைமுகம். சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலோடு அவ்வாண்டு மே மாதம் கரையேறிய நோய், 1958 பிப்ரவரிக்குள் நாடெங்கும் பதிவான கணக்கிலேயே 44 லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் இன்புளுயன்சா மையம் அந்தப் பரவலை ஆராய்ந்து ஆவணப்படுத்தியது. கோழியோ வாத்தோ கண்ணில் படாத ஒரு கப்பல் பயணத்தின் முடிவில், பறவையிடமிருந்து பிறந்த மூன்று மரபணுத் துண்டுகள் சென்னைத் தெருக்களில் இருமலாக ஒலித்தன. பதினோராண்டு கழித்து ஹாங்காங் காய்ச்சலும் இதே முறையில், இம்முறை பறவையின் இரண்டு துண்டுகளோடு வந்தது.

இங்கேதான் செய்தித் தலைப்புகளில் அதிகம் இடம்பெறாத எச்9என்2 முக்கியத்துவம் பெறுகிறது. இது கோழிகளைக் கூட்டமாகக் கொல்வதில்லை. முட்டை குறையும், சற்றே சளி பிடிக்கும், பண்ணைக்காரர் தீவனத்தைக் குறைசொல்லி விட்டுவிடுவார். இந்தியாவின் கோழிகளிடையே நீண்ட காலமாகப் பரவிக்கிடக்கும் இந்த வைரஸ், தன் உள்துண்டுகளைப் பிற வைரஸ்களுக்குத் தாராளமாக வழங்கும் கொடையாளி: 1997இல் ஹாங்காங்கில் பதினெட்டுப் பேரைத் தாக்கி அறுவரைக் கொன்ற எச்5என்1, காடைகளிடம் காணப்பட்ட எச்9என்2 வைரஸின் உள்துண்டுகளையே ஒத்திருந்தது, 2013 முதல் சீனாவில் 1,500க்கும் மேற்பட்டோரைத் தாக்கிய எச்7என்9 வைரஸும் அப்படியே. அந்த எச்7என்9 தொடக்க ஆண்டுகளில் கோழியிடம் எந்த நோய்க்குறியும் காட்டவில்லை என்பதையும், சந்தைக்கு வந்த மனிதன் மருத்துவமனையில் சேர்ந்த பிறகே வைரஸ் இருப்பது தெரியவந்தது என்பதையும் நினைத்துப்பார்த்தால், செத்துவிழும் கோழியைவிட நலமாக நிற்கும் கோழியே பெரிய கவலை என்ற முடிவு தவிர்க்க முடியாததாகிறது. இந்தியாவில் மனிதரிடம் எச்9என்2 முதன்முதலில் 2019இல் மகாராஷ்டிரத்தின் மேல்காட் பகுதிக் குழந்தை ஒன்றிடம் கண்டறியப்பட்டது. 2024இல் மேற்கு வங்கக் குழந்தை ஒன்று இரண்டாவதாகப் பதிவானது. இருவரும் பிழைத்தனர். கோழிகளுக்கான எச்9என்2 தடுப்பூசியைப் போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்குநோய் நிறுவனம் உருவாக்கி 2022இல் அறிமுகப்படுத்தியது.

எச்5என்1 இந்தியக் கோழிகளிடம் முதன்முதலில் 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் உறுதிசெய்யப்பட்டது. அதன்பின் பல மாநிலங்களில் அது தலைகாட்டியிருக்கிறது; பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் விந்தையான நிலஅமைப்பால், அந்தத் தாக்குதல்களில் பல அதன் வாசலிலேயே நடந்தவை. புதுச்சேரியின் ஒரு பகுதியான மாஹேவுக்குத் தெற்கே, கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தின் வேங்ஙேரி, கொடியத்தூர்ப் பகுதிகளில் 2020 மார்ச்சில் நோய் உறுதியானது. இன்னும் தெற்கே, குட்டநாட்டு வாத்துகளிடையே ஆலப்புழையில் 2021இல் எச்5என்8 வைரஸும், 2024இல் எச்5என்1 வைரஸும் பரவின. புதுச்சேரியின் மற்றொரு பகுதியான ஏனாமைச் சூழ்ந்த கோதாவரிக் கழிமுகத்தின் கிழக்கு, மேற்கு கோதாவரி மாவட்டப் பண்ணைகளில் 2025 பிப்ரவரியில் கோழிகள் லட்சக்கணக்கில் மடிந்தன. அதற்கடுத்த மாதம், ஆந்திரத்தின் பல்நாடு மாவட்டத்தைச் சேர்ந்த இரண்டு வயதுக் குழந்தை மங்களகிரி எய்ம்ஸ் மருத்துவமனையில் எச்5என்1 தொற்றால் இறந்தது. புனேயில் உள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் அதை உறுதிசெய்தது. வேகாத கோழித் துண்டு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டிருந்ததாக அப்போது செய்திகள் வெளியாயின. அதற்கு முன் 2021 ஜூலையில் டெல்லி எய்ம்ஸில் பதினோரு வயதுச் சிறுவன் ஒருவன் இதே நோயால் இறந்ததே நாட்டின் முதல் மரணம். உலக அளவில் 2003 முதல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் எச்5என்1 தொற்றுக்கு ஆளாகி, அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்துள்ளனர். இலேசான தொற்றுகள் கணக்கில் வராமல் போயிருக்கும் என்பதால் உண்மையான இறப்பு விகிதம் இதைவிடக் குறைவாக இருக்கலாம்.

பறவையோடு நில்லாமல் பாலூட்டிகளிடம் இந்த வைரஸ் பழகத் தொடங்கியிருப்பது அண்மைக் காலத்தின் புதிய அத்தியாயம். 2024 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலக் கறவை மாடுகளின் மடியில் எச்5என்1 கண்டறியப்பட்டது; பால் கறக்கும் எந்திரங்களின் வழியே மாடு விட்டு மாடு தாவி, பண்ணைத் தொழிலாளர்களிடம் பெரும்பாலும் கண் சிவப்பாக மட்டும் வெளிப்பட்டது. நாக்பூரின் கோரேவாடா விலங்கு மீட்பு மையத்தில் 2024 டிசம்பர் இறுதியில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் எச்5என்1 தொற்றால் இறந்தன. கொதிக்கவைத்த பாலில் வைரஸ் பிழைப்பதில்லை என்பதால், பாலைக் காய்ச்சாமல் குடிக்கும் வழக்கமில்லாத தமிழ் வீடுகள் இந்த ஒரு வழியிலாவது தற்செயலாகப் பாதுகாப்புடன் இருக்கின்றன.

நோய்ச் செய்தி வந்ததும் நாமக்கல்லில் முட்டை விலை சரிவதும், பல்லடத்தில் கறிக்கோழி தேங்குவதும் வழக்கமான காட்சிகள். எழுபது பாகை வெப்பத்தில் வைரஸ் அழிந்துவிடும் என்பதால், நன்கு வெந்த குழம்பும் முழுதாக வெந்த முட்டையும் எந்தத் தீங்கும் செய்யா. ஆபத்து தட்டில் இல்லை, அறுப்பு மேடையில் இருக்கிறது. உயிருள்ள கோழியைக் கூண்டிலிருந்து எடுக்கும் கை, இறகு பிடுங்கும் எந்திரம் தெறிக்கும் துளி, குடலைக் களையும்போது எழும் சாரல், செத்த கோழியைப் பையில் கட்டிக் கால்வாயில் எறியும் பழக்கம் ஆகியவையே வைரஸ் மனித மூச்சை எட்டும் வழிகள். வாங்குபவர் கறியைத் துறப்பதால் இவற்றில் எதுவும் மாறுவதில்லை. கேரள எல்லைச் சோதனைச்சாவடிகளில் லாரிச் சக்கரங்களுக்குக் கிருமிநாசினி தெளிப்பதைக் கண்டு, பறவை பறந்து வராதா என்று நகைப்பவர் உண்டு. ஆனால் பண்ணைக்குப் பண்ணை நோயைச் சுமப்பதில் சக்கரமும் திரும்பத் திரும்பப் பயன்படும் முட்டைத் தட்டும் சிறகுகளுக்குச் சற்றும் இளைத்தவை அல்ல.

புறக்கடையில் பத்துக் கோழி வளர்க்கும் குடும்பத்துக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. கோழிகள் திடீரென்று மடிந்தால், வெள்ளைக்கழிச்சல் என்று கிராமங்களில் வழங்கும் இராணிக்கெட் நோய் என்றே அவர்கள் முடிவுசெய்வர். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். இரண்டு நோய்களும் வெறும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றுவதால், ஆய்வக முடிவு ஒன்றே வேறுபடுத்தும். அந்த முடிவு உறுதியானால் ஒரு கிலோமீட்டர் ஆரத்துக்குள் உள்ள வளர்ப்புப் பறவைகள் அனைத்தையும் அழிக்க வேண்டும், பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிக்க வேண்டும் என்பது இந்தியாவின் செயல்திட்டம். இழப்பீட்டை மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்துகொள்கின்றன. இழப்பீடு தாமதமானால் அடுத்த முறை செத்த கோழி இரவோடிரவாகப் புதைக்கப்படும் என்பதால், உரிய நேரத்தில் கைக்கு வரும் பணத்தையும் ஒரு தடுப்பு மருந்தாகவே கருத வேண்டியிருக்கிறது. கால்நடைக் கல்லூரிக்கு வரும் செத்த கோழியின் செய்தியும், ஜிப்மரின் அவசரப் பிரிவுக்கு வரும் மூச்சுத்திணறலின் செய்தியும் அன்றைய மாலைக்குள் ஒரே மேசையைச் சேர வேண்டும். தட்டாஞ்சாவடியைச் சுற்றி இந்த இரு நிறுவனங்களும் கூப்பிடு தூரத்தில் இருப்பது மிகச் சில ஊர்களுக்கே வாய்த்த வசதி.

1997 டிசம்பரில் தன் கோழிகள் அனைத்தையும், சுமார் 13 லட்சத்தை, சில நாட்களில் அழித்த ஹாங்காங், அதன்பின் சந்தை விதிகளைப் படிப்படியாக இறுக்கியது: மாதந்தோறும் கடைகளைக் காலிசெய்து கழுவும் ஓய்வுநாள் வந்தது, காடைகள் கோழிகளிடமிருந்து பிரிக்கப்பட்டன, 2008 ஜூலை முதல் இரவு எட்டு மணிக்கு மேல் எந்தச் சில்லறைக் கடையிலும் உயிருள்ள கோழி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றாகி, விற்காதவை அன்றே அறுக்கப்பட்டன. நேற்றைய கோழியின் கிருமியை இன்றைய கோழிக்குக் கொடுக்காமல் சங்கிலியை அறுப்பதே இதன் நோக்கம். புதுச்சேரியின் கோழிக்கடைகளுக்கும் இதைப் பொருத்துவதற்குப் புதிய ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டியதில்லை. நகராட்சி ஆணை ஒன்றும், வாரம் ஒருநாள் கூண்டுகளைக் காலிசெய்து கழுவி வெயிலில் காயவைக்கும் பழக்கமும் போதும்.